மொட்டு முப்பத்தாறு, பூ பூஜ்யம்

மார்ச் 2, திங்கள்

ஐம்பத்து மூன்று வயதில், எண்பத்தாறு கிலோ எடையில், மூன்று வயதுக் குழந்தைகளுக்கான ஊஞ்சலில் மாட்டிக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்ல வெட்கமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இந்நேரம் ராஜம்மாள் நகர் முழுக்கப் பார்த்திருக்கும்.

நாலு பக்கமும் கம்பி வைத்து, கால் விட இரண்டு ஓட்டை வைத்த பெட்டி ஊஞ்சல். நேற்றுதான் புதுச் சங்கிலி மாட்டிவிட்டுப் போனார்கள். பாரம் தாங்குமா என்று பார்ப்பது பூங்கா மேற்பார்வையாளரின் கடமை. கையால் இழுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பகல் பத்திலிருந்து நாலு வரை பூங்கா பூட்டியிருக்கும், யாரும் இல்லை, நான் ஊஞ்சலில் உட்கார்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. உட்கார்ந்தேன். சங்கிலி தாங்கியது. கம்பிதான் விடவில்லை.

கூட்டிப் பெருக்கும் ஆரோக்கியமேரிதான் வந்தாள்.

"அண்ணே, மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துதான் இருக்கேன் மேரி."

"அப்ப இதுதான் இழுத்த வயிறா?"

சோப்புத் தண்ணீர் கரைத்து இடுப்பில் ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே ஒரு குரல்: "அப்படியே இருங்க வாட்ச்மேன், வெளிச்சம் நல்லா விழுது."

தணிகாசலம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நடைப்பயிற்சியாளர் நலச் சங்கத்தின் தலைவர். நாலு மணிக்குத் திறக்கும் பூங்காவுக்கு மூன்றரைக்கே வந்து கேட்டுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஜாதி. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட்டு, கீழே ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "நமது பூங்காவின் புதிய விளையாட்டுப் பொருள்."

வீடியோவைக்கூட மன்னிப்பேன். பதினொரு வருஷமாக என்னை 'வாட்ச்மேன்' என்று கூப்பிடுகிறாரே, அதை மாட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

இடுப்பில் இரண்டு பக்கமும் கன்றிப்போயிருக்கிறது. மனைவி வத்சலா தைலம் தேய்த்தாள். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. அவளும் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம்.

மார்ச் 5, வியாழன்

நகராட்சியிலிருந்து உதவிப் பொறியாளர் அம்மா வந்தார். எங்கள் பூங்காக்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. கையில் ஒரு மனு. சங்கத்தின் முத்திரை, நாற்பத்தொரு கையெழுத்து.

விஷயம் பூ. நுழைவாயிலுக்கு இடப்பக்கம் ஒரு அடுக்கு நந்தியாவட்டைச் செடி இருக்கிறது. செடி என்ன, இரண்டு ஆள் உயரம். சாதாரண நந்தியாவட்டைக்கு ஐந்து இதழ்; இது குட்டி ரோஜா மாதிரி அடுக்கடுக்காக, வெண்ணெய் வெள்ளையில் பூக்கும். இந்த வட்டாரத்திலேயே வேறெங்கும் கிடையாது. அந்தப் பூ தினமும் காணாமல் போகிறதாம்.

தணிகாசலம் ஒரு கோடுபோட்ட நோட்டைப் பிரித்து வாசித்தார், கோர்ட் குமாஸ்தா மாதிரி.

"பிப்ரவரி பத்து. மாலை ஏழே முக்கால், மொட்டு முப்பத்தாறு. மறுநாள் காலை அஞ்சு மணி, பூ பூஜ்யம். பிப்ரவரி பதினொண்ணு. மொட்டு இருபத்தொம்போது, பூ பூஜ்யம். பிப்ரவரி பன்னெண்டு..."

"போதும் சார்," என்றார் அம்மா.

"ராத்திரி எட்டுக்குப் பூட்டறது இவர். காலைல அஞ்சுக்குத் திறக்கறது இவர். சாவி யார்கிட்ட இருக்கு மேடம்? என்கிட்டயா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கிழக்குச் சுவரில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு ஆள் நுழைகிற அளவு இடிந்து கிடக்கிறது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் கட்டவில்லை. அதைச் சொன்னேன். அந்த இடிசலுக்கு நேர் எதிர் வீடு யாருடையது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றேன். நேர் எதிர் வீடு தணிகாசலத்தினுடையது.

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கோதண்டபாணி, உங்க ஒப்பந்தம் முப்பத்தொண்ணாம் தேதியோட முடியுது. அதுக்குள்ள இந்தப் பூத்திருட்டு ஒரு முடிவுக்கு வரணும். இல்லேன்னா வேற ஆளைப் போடச் சொல்லி மேல எழுதிடுவேன். நாற்பத்தொரு கையெழுத்தை நான் மறைக்க முடியாது."

ஐம்பத்து மூன்று வயதில் வேறு எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த தொழில் விசில் ஊதுவது ஒன்றுதான்.

மார்ச் 6, வெள்ளி

வத்சலா காலையில் அர்ச்சனை பண்ணினாள். நூற்றெட்டு நாமம், நாமத்துக்கு ஒரு பூ. இரண்டு மூன்று நாள் சேர்த்து ஈரத்துணியில் பொத்தி வைத்திருந்தாளாம். வீடே மணந்தது.

அடுக்களையில் வெங்காயம் தரையில் உருண்டு கிடக்கிறது. கூடை எங்கே என்றேன். "அதுக்கு வேற வேலை குடுத்திருக்கேன்" என்றாள். இந்த வீட்டில் வெங்காயக் கூடைக்குக்கூட வேலை நிரந்தரம்.

மார்ச் 9, திங்கள்

இன்றிலிருந்து நானும் போரில் இறங்கிவிட்டேன்.

தணிகாசலம் நடைபாதையில் எப்போதும் இடமிருந்து வலமாகச் சுற்றுவார். 'பூங்காவில் வலமிருந்து இடமாக மட்டும் நடக்கவும்' என்று அட்டை எழுதி வைத்தேன். நேரே அட்டைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது யார் போட்ட உத்தரவு?"

"நிர்வாகம்."

"நிர்வாகம்னா யாரு? ஊஞ்சல்ல தொங்கிச்சே, அதுவா?"

விசிலை எடுத்து ஊதினேன். பக்கத்தில் சிரிப்புப் பயிற்சி செய்துகொண்டிருந்த பத்துப் பேரும் அதை சிக்னல் என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மொத்தப் பூங்காவில் நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மேரியிடம் ஊர்க்கதை கேட்டேன். ஊர்க்கதையில் எனக்கு நம்பிக்கை கிடையாது, கேட்பேன், அவ்வளவுதான். தணிகாசலத்தின் மகன் கனடாவில், மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை. மனைவிக்கு முழங்கால் போய், வீட்டுக்குள்ளேயேதான். இவருக்குச் சர்க்கரை, தினம் காலையும் மாலையும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் உத்தரவு. காலையில் முதலில் கேட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயில், பிறகு நடை.

"அந்த நந்தியாவட்டைகூட அவர் வெச்சதுதான்ணே," என்றாள் மேரி. "நீங்க வர்றதுக்கு முன்னாடி. நான் குழி வெட்டிக் குடுத்தேன்."

"வெச்சவனுக்கே பறிக்கவும் ஆசை வரும்."

மேரி விளக்குமாற்றைத் தரையில் தட்டிச் சீராக்கினாள். பிறகு கேட்டாள்: "அண்ணே, உங்க வீடு ரெண்டு தெரு தள்ளி. மூணு வேளையும் அங்க போய்த்தான் சாப்பிடறீங்க. எதுக்கு தினம் டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வர்றீங்க?"

அரசு வேலை பார்க்கிறவன் கையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தால்தான் மரியாதை என்றேன். ஒப்பந்த வேலை என்று திருத்தினாள்.

மார்ச் 13, வெள்ளி

நோட்டுப்படி நேற்று மாலை மொட்டு ஐம்பத்திரண்டு. இன்று காலை பூ பூஜ்யம். "வெள்ளிக்கிழமைக்குன்னே வழிச்செடுத்திருக்கான், திருடன் பக்திமான் போல," என்று கேட்டில் நின்று ஊருக்கே சொன்னார் தணிகாசலம். அவர் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. நான் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

எட்டு மணிக்கு விசில் ஊதிக் கடைசி ஆளையும் விரட்டிவிட்டு, கேட்டைப் பூட்டி, வழக்கம்போல் செடிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். விரலெல்லாம் பிசுபிசு. சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

சமையல்காரர் சாம்பாரில் உப்பு பார்த்தால் அதைத் திருட்டு என்று யாராவது மனு எழுதுவார்களா? இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

தணிகாசலம் கேமரா வாங்கித் தருவதாகச் சங்கத்தில் பேசியிருக்கிறார். சொந்தச் செலவில். செடிக்கு நேராக மாட்டுவாராம். ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டத்தில் தீர்மானம். உதவிப் பொறியாளர் அம்மாவும் வருகிறார்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வத்சலா கேட்டாள், "என்ன, மறுபடியும் எதிலயாவது மாட்டிக்கிட்டீங்களா?"

மார்ச் 22, ஞாயிறு

முடிந்தது. நான் ஜெயித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரை. சிரிப்புப் பயிற்சி மேடையில் கூட்டம். முப்பது பேர் இருக்கும். அம்மா நாற்காலியில். தணிகாசலம் நோட்டைத் திறந்து, தொண்டையைச் செருமி, "மார்ச் இருபத்தொண்ணு, மொட்டு நாற்பத்தி மூணு" என்று ஆரம்பித்தார். அப்போதுதான் பார்த்தேன். சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒன்று. அடுக்கு நந்தியாவட்டை. காம்போடு.

கடவுள் இருக்கிறார் என்று அந்த நிமிஷம் நம்பினேன்.

"சார், ஒரு நிமிஷம். உங்க பாக்கெட்ல என்ன?"

குனிந்து பார்த்தார். "பூ. பிள்ளையார் கோயில் பிரசாதம். காலைல குருக்கள் குடுத்தார்."

"இந்த வட்டாரத்துல அடுக்கு நந்தியாவட்டை எத்தனை இடத்துல இருக்கு?"

"ஒரே இடம். இங்கதான். அதை வெச்சதே..." அங்கே நிறுத்தினார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்துக்கும்.

குருக்களைக் கூட்டிவர ஆள் போனது. அவர் ஈர வேட்டியோடு வந்தார்.

"ஆமா, நான்தான் குடுத்தேன். காலம்பர நடை திறக்க வர்றச்சே படியில ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை இருக்கும். ஈரத்துணி போட்டு மூடி, நிறையப் பூ இருக்கும். யார் வெக்கறான்னு தெரியாது. சுவாமிக்கு வர்றதை நான் விசாரிக்கறதில்லை."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம் இருக்கும்."

ஒரு நொடி அடுத்த கேள்வி மறந்துபோயிற்று. காலையில் காப்பி குடிக்காமல் வந்தது. சமாளித்துக்கொண்டேன்.

"கோயிலுக்கு முதல்ல வர்றது யாரு சாமி?"

"தணிகாசலம் சார்தான். நான் வர்றதுக்குள்ள வந்து படியில நின்னுண்டிருப்பார்."

அதற்கு மேல் நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. வரிசைப்படுத்தினேன், அவ்வளவுதான். இடிந்த சுவருக்கு எதிர் வீடு இவருடையது. எத்தனை மொட்டு இருக்கிறது என்று தினம் ராத்திரி எண்ணுகிற ஒரே ஆள் இவர். குருக்களுக்கு முன்னால் கூடைக்குப் பக்கத்தில் நிற்பவர் இவர். "ராத்திரி தானே பறிச்சு, விடியக்காலை தானே படியில வெச்சு, தானே பிரசாதம்னு வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, நேரா இங்க வந்து பூவைக் காணோம்னு நோட்டுல எழுதறது. என் வேலையைக் காலி பண்ண இவ்வளவு மெனக்கெடணுமா சார்? நேரா சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே!" என்றேன். கடைசி வரியில் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது நன்றாக வேலை செய்தது.

கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள்.

தணிகாசலம் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்தார். ஆனால் மனுஷன் பொறியாளர், விடவில்லை. "மேடம், நந்தியாவட்டைக் காம்பு கிள்ளினா பால் வரும். நாற்பது மொட்டு கிள்ளினவன் விரல்ல ரெண்டு நாளைக்குக் கறை நிக்கும். இதோ என் கை. பாருங்க. எல்லாரும் பாருங்க." இரண்டு கையையும் விரித்து, ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் காட்டினார், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பையன் மாதிரி. சுத்தமான கை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்க இருக்கற எல்லாரும் கையைக் காட்டட்டும்."

எனக்கு ஏனோ கை குளிர்ந்தது. பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். மார்ச் மாதம்தான், இருந்தாலும் காலைக் குளிர்.

"கழுவியிருப்பாருங்க," என்று பின்னால் ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அது முடிந்துபோயிற்று. சிரிப்புப் பயிற்சி உண்மையில் நல்ல விஷயம்.

அம்மா எழுந்தார். "சார், பெரியவங்க நீங்க. இதோட விட்டுடுவோம்."

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்த பூவை எடுத்து மேடை ஓரத்தில் வைத்தார். நோட்டை என்னிடம் நீட்டினார்.

"இனிமே நீங்களே எண்ணுங்க, கோதண்டபாணி."

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மார்ச் 23, திங்கள்

தணிகாசலம் வரவில்லை. தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகக் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு வெளியேறிவிட்டாராம்.

மேரி இன்று என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: "அண்ணே, டிபன் பாக்ஸை நல்லாத் தேச்சுக் கழுவுங்க. மூடி ஓரத்துல பால் காஞ்சு ஒட்டியிருக்கு."

வத்சலா அவசரத்தில் காய்ச்சாத பாலை ஊற்றியிருப்பாள் என்றேன். மேரி தலையாட்டினாள். அவள் இந்த மாதிரித் தலையாட்டினால் எனக்குப் பிடிக்காது.

மார்ச் 25, புதன்

செடி நிறையப் பூ! இரண்டு நாளாக ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. வெள்ளை வெளேரென்று நிற்கிறது. நடக்கிறவர்கள் நின்று நின்று பார்க்கிறார்கள். "பாத்தீங்களா, அந்த ஆள் நின்னதும் பூவும் செடியிலயே நின்னுடுச்சு," என்று பேசிக்கொள்கிறார்கள். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

திருடன் அகப்பட்ட பிறகு பூ காணாமல் போவது முறையில்லை. டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். இடுப்பு வலிக்குக் கனம் ஆகாது.

மார்ச் 27, வெள்ளி

பொழுது போகாமல் அவர் நோட்டைப் புரட்டினேன். எண்கள், எண்கள், எண்கள். முதல் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில்: "மின்வாரியக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் இருந்த வீடு. இடிப்பதற்கு முதல் நாள் வாசல் செடியிலிருந்து மூன்று கிளை எடுத்தேன். ஒன்று பிழைத்தது."

கையெழுத்து படுமோசம். பொறியாளர்களுக்கு எழுத்து வராது.

மேரி இன்று பேசினாள். தணிகாசலத்தைப் பார்த்தாளாம். புறவழிச் சாலையில், லாரிகள் போகிற ஓரத்தில் நடக்கிறாராம், தலையைக் குனிந்துகொண்டு. "அந்த ரோட்டுல நாயே நடக்காதுண்ணே."

எனக்கென்ன. டாக்டர் நடக்கத்தானே சொன்னார்? இன்ன இடத்தில் என்று சொல்லவில்லையே.

மாலையில் வலமிருந்து இடமாக நடக்கச் சொன்ன அட்டையைக் கழற்றிவிட்டேன். மழையில் எழுத்து கலைந்திருந்தது. மழை பெய்யவில்லை, ஆனால் பெய்தால் கலையும்.

மார்ச் 31, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம். உதவிப் பொறியாளர் அம்மா தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். "பூங்கா மேற்பார்வையாளர்" என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். கிழக்குச் சுவரையும் கட்டப்போகிறார்கள். நாலரை மணிக்குக் கேட்டில் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைத்தேன். மூன்றரையிலிருந்து நாலு வரை கேட்டுக்கு வெளியே யாரும் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்தது. கேட்டை மூன்று ஐம்பதுக்கே திறந்துவிட்டேன்.

இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வத்சலா அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் தரையில் இல்லை, கூடையில் இருந்தது.

"கூடை எங்க போயிருந்துச்சு இத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"நீங்க பாட்டுக்கு தினம் அவ்வளவு மொட்டு கொண்டாந்து கொட்டினீங்க. நம்ம ரெண்டு படத்துக்கு எவ்வளவு பூதான் போடறது? வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சம் ஒதுக்கிட்டு, மிச்சத்தைக் கோலம் போடறதுக்கு முன்னாடி கூடையோட கொண்டுபோய்ப் பிள்ளையார் கோயில் படியில வெச்சுட்டு வந்துடுவேன். மத்தியானம் போய்க் கூடையை எடுத்துட்டு வருவேன். பத்து நாளா நீங்க பூ கொண்டு வரலை, அதான் மறுபடி வெங்காயத்துக்கு எடுத்துட்டேன். ஏன், என்ன?"

ஒன்றுமில்லை என்றேன்.

கூடை நீலம்.